கேசரி நிறத்தில் ஆறு முழம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் இருபது நிமிஷம். ஏர்போர்ஸ் அண்ணாச்சியோடு போனால் முக்கால் மணி நேரம். இடையில் எங்கும் நிற்காத பாயிண்ட் டு பாயிண்ட் வண்டியில் அவர் ஏறவே மாட்டார். அது கண்ணெதிரே காலியாக வந்து நின்றாலும், கையைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்களை வேடிக்கை பார்ப்பார். அதற்குப் பின்னால் தகரமெல்லாம் ஆட வருகிற டவுன் பஸ்தான் அவருக்கு வண்டி. "நடு ரோட்டுல நின்னு கை காட்டுதவனுக்கு நிக்கணும். நிக்காம போறது எம்புட்டு வேகமாப் போனா என்ன?" என்பார். இந்தக் கொள்கையால் லேட்டாகப் போய் அவர் வாங்கிய மெமோக்களில் இரண்டு எனக்கும் கிடைத்தன.

நாங்கள் இருவரும் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் டெஸ்பாட்ச் கிளார்க். பெட்டிகளில் விலாசம் எழுதி லாரியில் ஏற்றிவிடுவது என் வேலை. அவர் எலக்ட்ரீஷியன். அதற்கு முன்னால் விமானப்படையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து பென்ஷனோடு வந்தவர். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் ஏர்போர்ஸ் அண்ணாச்சி. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் 'டெஸ்பாட்ச்'. மடிப்புப் பிரிவில் இருந்த பொன்னுத்தாயி அக்கா 'மடிப்பு அம்மா'. முதலாளி 'ஹெட் குவார்ட்டர்ஸ்'. முதலாளிக்கு இது தெரியும். உள்ளூர அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

விமானப்படை என்றதும் வந்த புதிதில் ஆளாளுக்கு அவரிடம் பறந்த கதை கேட்டார்கள். அவர் பறந்ததே இல்லை. ஒரே ஒரு தடவை லீவுக்கு வரும்போது சரக்கு விமானத்தில் ஏறியிருக்கிறார், வழியெல்லாம் வாந்தி. அவருடைய வேலை தரையில். காலாட்படையோடு சேர்ந்து, முதுகில் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு, ஓர் அதிகாரியின் பின்னாலேயே நடக்க வேண்டும். மேலே வருகிற விமானத்துக்கு எங்கே அடிக்கணும், எங்கே அடிக்கக் கூடாது என்று அந்த அதிகாரி சொல்வார். நம் ஆட்கள் இருக்கிற இடம் தெரிவதற்காகத் தரையில் வண்ணத் துணியை விரித்து வைப்பதும் இவர் வேலை. எழுபத்தொன்றுச் சண்டையில் பஞ்சாப் பக்கம் இதைத்தான் செய்தார்.

டீ இடைவேளையில் யாராவது ஒருவர் வேண்டுமென்றே ஆரம்பிப்பார்கள். "அண்ணாச்சி, பழைய ஹண்டர் நல்லதா, இப்ப வந்திருக்கிற மிக் நல்லதா?" அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் மூடி மலையாகிவிடும். தீப்பெட்டி நம் ஆட்கள். டம்ளர் பழைய விமானம், ஸ்பூன் புதிய விமானம். டம்ளர் மெதுவாக வந்து மூடியைச் சுற்றும், தீப்பெட்டிக்கு மேல் இன்னொரு தரம் சுற்றும், அப்புறம் அடிக்கும். ஸ்பூன் விர்ரென்று மேஜையின் அந்தப் பக்கம் போய்விடும். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. எம்புட்டு நேரம் தலைக்கு மேல நிப்பான்? எத்தனை குண்டு தூக்கும், ஒலியைவிட எத்தனை மடங்கு வேகம் என்று பேப்பரில் வருவதையெல்லாம் அவரும் படிப்பார், ஒன்று விடாமல் சொல்வார். சொல்லி முடித்ததும் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

அவர் சொல்வது ஒருதலையாகவும் இருக்காது. மெதுவாகப் போகிற விமானத்தைக் கீழேயிருந்து சுட்டு வீழ்த்துவது சுலபம் என்று அவரே சொல்வார். ஒரு நாள் நான் கிண்டலாக, "அப்ப புதுசுதானே கெட்டிக்காரத்தனம்?" என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"புதுசு வந்தா ஓட்டுதவன் பிழைப்பான். பழசு வந்தா கீழ கிடக்கிறவன் பிழைப்பான். நான் கீழ கிடந்தவன், டெஸ்பாட்ச்."

பழையது எல்லாமே உசத்தி என்று பேசுகிற ஆள் என்று இவரை நினைத்தால் தப்பு. கம்பெனிக்கு மடிப்பு இயந்திரம் புதிதாக வாங்கலாமா என்று முதலாளி கேட்டபோது, இவர் எதிர்ப்பார் என்று மடிப்புப் பிரிவுப் பெண்கள் நம்பியிருந்தார்கள். இவரோ, முதல் ஆளாக வாங்குங்கள் என்றார். பேண்டேஜ் மடிக்க எது வேகமோ அது நல்லது, அதற்குக் கீழே ஆளா கிடக்கிறான் என்றார். பெண்கள் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. தொண்ணூற்றொன்றில் வளைகுடாச் சண்டை நடந்தபோது மட்டும் அவர் வாயெல்லாம் பல். அமெரிக்காக்காரன் மெதுவாகப் பறக்கிற, பார்க்கச் சகிக்காத ஒரு விமானத்தைத் தரைப்படைக்கென்றே செய்து வைத்திருக்கிறான், அவன் ஆட்களே அதற்குக் காட்டுப்பன்றி என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்த படத்தை வெட்டி, சுவிட்ச் போர்டு மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டார். பீஸ் போனால் மூடியைத் திறப்பார், கொஞ்ச நேரம் பன்றியைப் பார்ப்பார், பிறகுதான் பீஸைப் பார்ப்பார். எங்களுக்கு அதுவரை இருட்டு.

இந்த ஆளுக்குள் இருந்த புண்ணை நான் பார்த்தது அய்யனார் கோவிலில். வருஷத்துக்கு ஒரு தரம் கம்பெனி ஆட்களை வேனில் அங்கே கூட்டிப்போவார்கள். அருவியில் குளித்துவிட்டுப் பெண்கள் நாங்கள் சேலைகளைப் பாறையில் காயப் போட்டிருந்தோம். அவர் மேலே போகிற பாதையில் ரொம்ப தூரம் ஏறி நின்றுகொண்டு, எங்களையும் வரச் சொன்னார். மூச்சு வாங்க ஏறினோம். கீழே கையைக் காட்டி, யார் யார் சேலை தெரிகிறது என்று கேட்டார். என் வெள்ளைப் பூப்போட்ட சேலை அருவி நுரையோடு நுரையாகக் கிடந்தது. பச்சையும் நீலமும் இருந்த இடமே தெரியவில்லை. பொன்னுத்தாயி அக்காவின் கேசரி நிறச் சேலை மட்டும் பளிச்சென்று இருந்தது. "அதான்" என்றார் அவர். "அந்த நிறத்துலதான் எங்களுக்குத் துணி குடுப்பாக."

அப்புறம், நாங்கள் கேட்காமலே சொன்னார். முதல் நாள் ஹண்டர் வந்தது. துணியைப் பார்த்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக இறக்கையை ஆட்டியது. பிறகு வாய்க்கால் கரைக்கு அப்பால் இருந்தவர்களை மட்டும் அடித்தது. மறுநாள் அதைவிட வேகமான புது விமானம் வந்தது. மூன்று தடவை தலைக்கு மேலே போனது. துணி தெரியவில்லை, தெரியவில்லை என்றே ஓட்டுகிறவர் வயர்லெஸில் சொன்னார். பெட்டி இவர் முதுகில். மூன்றாவது தடவை, எண்ணெய் தீரப்போகிறது, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"சின்னப் பையன் குரலு. அவன் மேல தப்பு இல்ல. அந்த வேகத்துல யாராலயும் பார்க்க முடியாது. ஆனா நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கல. பொறவு கரைக்கு அந்தப் பக்கத்துக்காரன் அடிச்சதுல, காலையில எங்கூட டீ குடிச்ச ரெண்டு பேரு இல்ல."

பொன்னுத்தாயி அக்காதான், துணி இன்னும் கொஞ்சம் பெரிசாக இருந்திருந்தால் தெரிந்திருக்குமோ என்று கேட்டார். பெரிதாக இருந்து, பழைய விமானமும் வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார் அவர். அக்கா தலையை ஆட்டினார். அந்தப் பதிலை அக்கா எவ்வளவு பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பொன்னுத்தாயி அக்காவுக்கு ஒரே மகன், கணேசன். புருஷன் இல்லாமல் வளர்த்த பிள்ளை. பத்தாவது முடித்துவிட்டு, ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் வரிசையில் நின்று தேறிவிட்டான். அக்கா அண்ணாச்சியிடம்தான் யோசனை கேட்டார். அவர் வேண்டாம் என்றார். அப்புறம், போகிறவன் எப்படியும் போவான் என்று தோன்றியதோ என்னவோ, அவனை உட்கார வைத்து, மேலே விமானச் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும், நம் விமானம் என்றாலும் எப்படிக் குப்புறப் படுக்க வேண்டும் என்றெல்லாம் அரை மணி நேரம் சொன்னார். கணேசன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை வந்தது. கணேசன் அங்கேதான் இருந்தான். இந்தியாவிலேயே வேறெங்கும் இல்லாத ராணுவ ஆலோசகர் எங்களிடம் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டு, காலையில் பேப்பர் வந்ததும் அவரைச் சூழ்ந்துகொள்வோம். அவர் பேப்பரைப் படிப்பார், மடிப்பார், வேலைக்குப் போய்விடுவார். டம்ளரும் ஸ்பூனும் சும்மா கிடந்தன. பொன்னுத்தாயி அக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவரிடம் வந்து, இப்போது போகிறது பழசா புதுசா என்று கேட்பார். இரண்டும் போகிறது என்று சொல்லிச் சமாளிப்பார்.

சண்டை தொடங்கிய சில நாட்களிலேயே நம் விமானங்கள் சிலவற்றை எதிரிகள் மலை மேலிருந்து சுட்டுவிட்டார்கள். அதன் பிறகு நம்முடையவை ரொம்ப உயரத்தில் பறப்பதாகப் பேப்பரில் வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னிடம் சொன்னார். மலைக்கு மேல் இன்னொரு மலை உசரத்தில் போகிறான், அங்கேயிருந்து பார்த்தால் ஆள் என்ன, ஊரே தெரியாது என்றார். தப்பு என்று சொல்ல மாட்டேன், தாழ வந்தால் சுடுகிறானே என்றும் அவரே சொன்னார்.

அந்த வாரம்தான் பொன்னுத்தாயி அக்கா முதலாளியிடம் கேட்டு, வெளுக்காத காடாத்துணி ஆறு முழம் வாங்கிக்கொண்டு போனார். பேண்டேஜுக்கு நெய்வதைவிடக் கெட்டியான துணி. வீட்டில் அண்டாவில் சாயம் காய்ச்சி, மூன்று தடவை முக்கி எடுத்து, மறுநாள் கம்பெனிக்குக் கொண்டுவந்தார். அவருடைய பழைய சேலையின் அதே கேசரி நிறம். மடிப்பு மேஜையில் அதை விரித்தபோது, பார்த்தவர்கள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. துணியிலேயே பிழைக்கிற ஊர்க்காரிக்கு இதைத் தவிர வேறென்ன தோன்றும்? யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"இந்த அகலம் போதுமா அண்ணாச்சி? மேல இருந்து தெரியுமா?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் என்னிடம் சொன்னதை இங்கே எப்படிச் சொல்லப்போகிறார் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அவர் துணியின் மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். விரலில் எச்சில் தொட்டுச் சாயம் போகிறதா என்று தேய்த்துப் பார்த்தார்.

"அகலம் போதும்மா. ஓரத்தை மடிச்சுத் தைச்சிருங்க. அங்க காத்து ஜாஸ்தி, கிழிஞ்சிரும். நாலு மூலையிலயும் கயிறு வச்சிருங்க."

அக்கா அன்று இரவும் மறுநாளும் உட்கார்ந்து, கையாலேயே ஓரம் தைத்தார். அதற்கு அடுத்த நாள் நான் அதைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். கணேசனுடைய ராணுவத் தபால் விலாசத்தை அண்ணாச்சியே தம் கையால் எழுதினார். அவர் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். பெட்டியைத் தபாலாபீஸுக்கும் அவரே கொண்டுபோனார்.

சாயங்காலம் நான் பொறுக்காமல் கேட்டேன். தெரியாது என்று தெரிந்தும் ஏன் அந்த அம்மாவிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று. கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"வேற என்ன செய்யச் சொல்லுதீய, டெஸ்பாட்ச்? அவிய ரெண்டு நாளா தைச்சாவ. அந்த ரெண்டு நாளும் அழல."

அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அதை நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

பெட்டி போய் இரண்டு வாரத்தில் செய்தி வந்தது. ஒரு மலை முகட்டைப் பிடிக்க ஏறிக்கொண்டிருந்தபோது உச்சியிலிருந்து சுட்டதில் கணேசன் போய்விட்டான். கொடி போர்த்திய பெட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த அன்று கடைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள். அத்தனை கூட்டத்தை நான் தேரோட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி கூட்டத்துக்கு வெளியே, விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். கை சல்யூட்டில் இருந்தது. பெட்டி தெரு முக்கு திரும்பிப் போன பிறகும் கையை இறக்கவில்லை. நான்தான் போய்த் தொட்டு இறக்கினேன்.

பொன்னுத்தாயி அக்கா இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். வந்தவர் மடிப்புப் பிரிவுக்குப் போகவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து, சேலைத் தலைப்பில் சுற்றியிருந்த பெட்டியை வைத்தார். நான் கட்டிய பெட்டி. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. மேலே அண்ணாச்சி எழுதிய விலாசத்தைக் கோடு போட்டு அடித்து, அனுப்பியவருக்கே திருப்பவும் என்று முத்திரை குத்தியிருந்தார்கள். எங்கெங்கோ போய்விட்டு, கணேசன் கைக்குப் போகாமலே வந்திருக்கிறது.

அண்ணாச்சியைக் கூப்பிடச் சொன்னார். அவர் கையில் டெஸ்டரோடு வந்தார். பெட்டியைப் பார்த்ததும் டெஸ்டரைச் சட்டைப் பையில் வைக்கப்போனார். அது கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

அக்கா அழவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்போல மெதுவாகப் பேசினார்.

"ஓரம் தைக்கணும்னு ரெண்டு நாள் வச்சிட்டேன் அண்ணாச்சி. தைக்காம அன்னைக்கே அனுப்பியிருந்தா அவன் கைக்குப் போயிருக்கும்லா? கிழிஞ்சாலும் பரவால்லைனு அனுப்பியிருக்கணும். எம்புத்திக்கு எட்டல."

தைக்கச் சொன்னது அவர்தான் என்பதுகூட அக்காவுக்கு நினைவில்லை. குற்றத்தை முழுக்கத் தன் மேலேயே போட்டுக்கொண்டிருந்தார். அது அவரை எப்படிக் குத்தியது என்பதை நான் பார்த்தேன். முகம் சாம்பலாகிவிட்டது. துணி போயிருந்தால் தெரிந்திருக்கும் என்று சொன்னால், இந்தத் தாய் செத்துப்போகும்வரை அந்த இரண்டு நாளைச் சுமப்பாள். தெரியாது என்று சொன்னால், அன்றைக்குச் சொன்னது பொய்யாகிவிடும். அவர் பொய்யனாகவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

"போய்ச் சேர்ந்திருந்தாலும் ஒண்ணுமில்லம்மா. துணியைப் பார்க்கிற உசரத்துல இப்ப யாரும் பறக்கிறதில்ல."

"பழசுன்னா பார்க்கும்னு சொன்னீய."

"தப்பா சொல்லிட்டேன். அம்புட்டு வருஷமும் நான் பேசினது தப்பு. புதுசுதான் நல்லது. அதுக்குத் துணியே வேண்டாம். மெஷினே பார்த்துக்கிடும். யாரு எங்க இருக்கான்னு அதுக்குத் தானாத் தெரியும்."

பதினைந்து வருஷமாக டம்ளரையும் ஸ்பூனையும் வைத்துக்கொண்டு ஊரோடு மல்லுக்கட்டிய மனிதர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விட்டுக்கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் மனப்பாரம் இதோடு இறங்கிவிடும் என்றே நானும் நம்பினேன். அக்கா பெட்டியின் முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார்.

"அப்ப எம்பிள்ள அங்க இருந்தான்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார்.

"தெரிஞ்சுமா அண்ணாச்சி?"

உள்ளே புது மடிப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? விலாசம் எழுதுகிறவள் நான். அக்கா பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றார். கோபமாக அல்ல, இவருக்கு விமானத்தைப் பற்றி எல்லாம் தெரியும், எப்படியும் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டு நின்றார். கடைசியில் மடிப்புப் பிரிவிலிருந்து யாரோ வந்து அக்காவைத் தோளைப் பிடித்து அழைத்துப்போனார்கள்.

அன்று சாயங்காலம் முதலில் வந்தது பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி. நான் வழக்கம்போல ஒதுங்கி நின்றேன். அண்ணாச்சி ஏறிவிட்டார். நானும் ஓடிப்போய் ஏறினேன். வழியில் ஒரு கிழவி தலைச்சுமையோடு ரோட்டோரம் நின்று கை காட்டினாள். வண்டி நிற்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே வந்தார். இருபது நிமிஷத்தில் ஊர் வந்துவிட்டது.